பல் அறுவைக்கு எந்த மயக்கம்? ஆஸ்துமாவோடு அரிய இரத்தக்குழாய் அழற்சியும் உள்ளவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு மகள் தன் தாயாருக்காகக் கேட்ட கேள்வியிலிருந்து இந்தக் கட்டுரை பிறந்தது. தாயாருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நெடுங்காலமாக வீசிங் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் வலது பாதம் தூக்க முடியாமல் தொங்கிப்போனபோதுதான், அது வெறும் ஆஸ்துமா அல்ல, இஜிபிஏ என்னும் இரத்தக்குழாய் அழற்சி நோய் என்று கண்டறிந்தார்கள். இப்போது தினமும் 10 மி.கி. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும், வாரம் ஒருமுறை நோயெதிர்ப்பை அடக்கும் மெதோட்ரெக்சேட்டும், இரண்டு வேளை இன்ஹேலரும் எடுத்துக்கொள்கிறார். கீழ்த்தாடையில் மூன்று கடைவாய்ப் பற்கள் வேர்வரை சொத்தையாகி, ஒன்றில் சீழும் கட்டியிருக்கிறது.

வீட்டருகே உள்ள பல் மருத்துவர், மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்துவிடலாம் என்றார். இன்னொரு கிளினிக்கில், கையில் ஊசி வழியே மருந்து கொடுத்து லேசாகத் தூங்கவைத்து ஒரே நாளில் மூன்றையும் எடுத்துவிடலாம் என்றார்கள். மூன்றாவது இடத்தில், இந்த நோய்க்கு முழு மயக்கம்தான் பாதுகாப்பு, மருத்துவமனையில் சேருங்கள் என்று சொன்னார்கள். "மூன்று பேரும் நல்ல மருத்துவர்கள்தான், ஆனால் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். எதில் ஆபத்து குறைவு?" என்பது மகளின் கேள்வி.

இந்த நகரத்தில் மயக்கவியல் மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. பெரும்பாலான குடும்பங்கள் இந்த மூன்றையும் ஓர் ஏணியாக நினைத்துக்கொள்கின்றன. கீழ்ப்படியில் ஊசி, நடுப்படியில் அரைத்தூக்கம், மேல்படியில் முழு மயக்கம். ஆகவே நடுப்படி என்பது வலியும் இல்லாத, ஆபத்தும் அதிகமில்லாத சமரசம் என்று கருதுகிறார்கள். இந்த நோயாளிகளைப் பொறுத்தவரை அந்த ஏணிக் கணக்கு தவறானது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

## வீசிங் என்ற சொல் மறைத்துவிடும் நோய்

1951இல் நியூயார்க்கில் ஜேக்கப் சர்க், லோட்டே ஸ்ட்ராஸ் என்ற இரு நோய்க்கூறியல் மருத்துவர்கள், கடுமையான ஆஸ்துமாவும் இரத்தக்குழாய் அழற்சியும் சேர்ந்திருந்த 13 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நெடுங்காலம் அவர்கள் பெயராலேயே அழைக்கப்பட்ட அந்த நோய்க்கு, 2012இல் ஈசினோஃபிலிக் கிரானுலோமடோசிஸ் வித் பாலியாஞ்சைட்டிஸ் என்ற பெயர் நிலைபெற்றது. அதன் சுருக்கமே இஜிபிஏ. ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி, சிறு இரத்தக்குழாய்களையும் அவற்றைச் சுற்றியுள்ள திசுக்களையும் தாக்குகின்றன. முதலில் மூக்கும் சைனஸும், பிறகு நுரையீரல், அதன்பின் நரம்பு, தோல், இதயம், சில சமயம் சிறுநீரகம் என்று நோய் படிப்படியாக விரியக்கூடும். இவற்றில் உயிருக்கு மிகுந்த ஆபத்தை உண்டாக்குவது இதயப் பாதிப்பே.

பெங்களூரில் இந்த நோய்க்குக் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே வீசிங் மிகச் சாதாரணம். குழந்தை நுரையீரல் மருத்துவர் எச். பரமேஷ் இந்நகரில் இருபதாண்டுகள் தொகுத்த கணக்கில், குழந்தைகளிடையே ஆஸ்துமா 1979இல் 9 சதவீதமாக இருந்து 1999இல் 29.5 சதவீதமாக உயர்ந்திருந்தது. குளிர், தூசு, பார்த்தீனியம் என்று காரணம் சொல்லிப் பழகிவிட்ட ஊரில், ஒருவர் "எனக்கு வீசிங் இருக்கு" என்றதும் பல் மருத்துவர் தலையசைத்து, தாளில் ஆஸ்துமா என்று எழுதி, அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். நம் மக்கள் கன்னடத்திலும் தமிழிலும் கலந்து சொல்லும் அந்த ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் இஜிபிஏ என்ற பெயர் சொல்லப்படாமலேயே போய்விடுகிறது. ஆகவே முதல் வேலை, டிஸ்சார்ஜ் தாளையும் தற்போதைய மருந்துச் சீட்டையும் கையில் எடுத்துச் சென்று, நோயின் பெயரைப் பல் மருத்துவரிடம் காட்டுவதுதான்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

எந்த மயக்கம் என்று கேட்பதற்கு முன், நோயாளியைப் பற்றிச் சில விவரங்கள் தெரிந்தாக வேண்டும். அவை தெரியாமல் எந்த வழியைப் பரிந்துரைத்தாலும் அது ஊகம் மட்டுமே.

முதலாவது, நுரையீரலின் இன்றைய நிலை. எத்தனை ஆண்டுகளாக ஆஸ்துமா என்பதைவிட, கடந்த நான்கு வாரங்களில் எத்தனை இரவு இருமலால் விழித்தார், இன்ஹேலரை எத்தனை முறை கூடுதலாக எடுத்தார், சளி காய்ச்சல் வந்ததா என்பவையே முக்கியம். வீட்டில் ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டர் இருந்தால், அவருடைய சிறந்த அளவில் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இரண்டாவது, ஸ்டீராய்டு. இதைத்தான் குடும்பங்கள் மிகவும் குறைத்து மதிப்பிடுகின்றன. தினமும் 5 மி.கி. அல்லது அதற்கு மேல் பிரெட்னிசலோன் நான்கு வாரங்களுக்கு மேல் எடுப்பவர்களின் அட்ரீனல் சுரப்பி சோம்பிப்போயிருக்கக்கூடும். உடல் ஒரு நெருக்கடியைச் சந்திக்கும்போது தானாகச் சுரக்க வேண்டிய கார்ட்டிசோல் சுரக்காது. இரத்த அழுத்தம் சரிந்து, காரணம் புரியாமல் நோயாளி மயங்கிச் சாயும் நிலை வரலாம். அறுவைக்கு முந்தைய நாள் "வெறும் வயிற்றில் வரவேண்டும்" என்று சொன்னவுடன் காலை மாத்திரைகள் அத்தனையையும் நிறுத்திவிடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. பிரெட்னிசலோனை ஒருபோதும் அப்படி நிறுத்தக் கூடாது; ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டே வர வேண்டும்.

மூன்றாவது, இதயம். அண்மையில் எடுத்த ஈசிஜி, எக்கோ அறிக்கைகள் இல்லாமல் இந்த நோயாளிக்கு மயக்க மருந்து எதையும் திட்டமிட எனக்கு மனம் வராது. நான்காவது, மூக்கு. சதை வளர்ந்து மூக்கு அடைத்திருக்கிறதா என்பது அற்பமாகத் தோன்றும், ஆனால் பின்னால் வரும் இரண்டு வழிகளில் அதுவே முடிவைத் திருப்பிவிடும். ஐந்தாவது, நரம்பு: பாதத்திலோ கையிலோ முகத்திலோ ஏற்கெனவே மரத்துப்போன பகுதிகள் இருந்தால் அவற்றை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும், இல்லையென்றால் பிறகு வரும் மரப்பு ஊசியால் வந்ததா நோயால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு எலும்பு தேயாமலிருக்க வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் மாத்திரையோ, ஆண்டுக்கு ஒருமுறை ஜோலெட்ரோனிக் அமில ஊசியோ கொடுத்திருப்பார்கள். எலும்புக்கான அந்த மருந்தைப் பல்லோடு தொடர்புபடுத்தி யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்த மருந்துகள் எடுத்தவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிந்து நிற்கும் சிக்கல் அரிதாக வருவதுண்டு. எந்த மயக்கம் என்ற கேள்விக்கு முன்பே, பிடுங்க வேண்டுமா, வேர் சிகிச்சையில் காப்பாற்றலாமா என்ற கேள்வியை இது எழுப்பிவிடும்.

## முதல் வழி: மரத்துப்போகும் ஊசி மட்டும்

சுவாசப் பாதையைத் தொடாமல் வேலையை முடிப்பது இந்த வழியின் பெரும்பலம். நோயாளி விழித்திருக்கிறார், தானே மூச்சுவிடுகிறார், தானே இருமுகிறார், மூச்சுத் திணறினால் தானே கையை உயர்த்திச் சொல்கிறார். எரிச்சலுற்ற மூச்சுக்குழாய்களைக் கொண்டவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எந்தக் கருவியிலும் இல்லை.

ஆனால் "சும்மா ஊசிதான்" என்று நினைப்பதில் மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. நம் பல் மருத்துவர்கள் வழக்கமாகப் பயன்படுத்துவது 2 சதவீத லிக்னோகெயினுடன் 1:80,000 என்ற விகிதத்தில் அட்ரினலின் சேர்ந்த மருந்து. அட்ரினலின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி, மரப்பை நீட்டித்து, இரத்தக் கசிவைக் குறைக்கிறது. அந்த அட்ரினலின் கெடாமல் இருக்க சோடியம் மெட்டாபைசல்ஃபைட் என்ற பாதுகாப்பு உப்பைச் சேர்த்திருப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு சிறுபகுதியினருக்கு, குறிப்பாக ஸ்டீராய்டு இல்லாமல் சமாளிக்க முடியாத கடும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, இந்த சல்ஃபைட்டே மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும்.

இதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. பழ ஸ்குவாஷ், சில பிஸ்கட்டுகள், பொன்னிற உலர்திராட்சை, ஒயின் ஆகியவற்றில் சல்ஃபைட் இருக்கலாம். பாட்டில், பாக்கெட் உறைகளில் ஐ.என்.எஸ். 223, 224 போன்ற எண்களாக அச்சிட்டிருப்பார்கள். அவற்றைச் சாப்பிட்ட சில நிமிடங்களில் நெஞ்சு இறுகிய அனுபவம் இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்போது அட்ரினலின் சேராத 3 சதவீத மெபிவகெயின் போன்ற மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு விலையாக மரப்பு சீக்கிரம் இறங்கும், கசிவு சற்றுக் கூடும், எனவே ஓர் அமர்வில் ஒரு பல்லுக்கு மேல் எடுப்பது கடினம். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாதவருக்கும் அட்ரினலின் ஊசியைத் தயங்காமல் போட வேண்டும். அங்கே சல்ஃபைட்டைப் பற்றிய அச்சம் உயிரைக் காப்பதற்குக் குறுக்கே வரக் கூடாது.

இதயப் பாதிப்பு இருந்தால் அட்ரினலினுக்கு அளவு உண்டு. ஓர் அமர்வில் 0.04 மி.கி.க்கு மேல் போகாமல் இருப்பது நெடுங்காலப் பழக்கம். 1:80,000 கரைசலில் ஒரு மி.லி.க்கு 12.5 மைக்ரோகிராம் இருப்பதால், ஏறத்தாழ 3 மி.லி.யோடு அந்த எல்லை முடிந்துவிடுகிறது. கீழ்த்தாடையில் ஒரு பக்கத்தை மரக்கவைக்க இது தாராளமாகப் போதும்; இரண்டு பக்கங்களையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் போதாது. டெரிஃபிலின் போன்ற தியோஃபிலின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயம் படபடக்கும் வாய்ப்பு ஏற்கெனவே கூடுதல் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வலியைவிடப் பயமே பலருக்கு மூச்சுத்திணறலைத் தூண்டுகிறது. அதோடு, நாற்காலியை முழுக்கச் சாய்த்துப் படுக்கவைப்பதும், சுழலும் கருவியிலிருந்து தொண்டைக்குள் தெறிக்கும் தண்ணீரும் தூண்டக்கூடியவை. நாற்காலியைப் பாதி நிமிர்த்தி வைப்பது, உறிஞ்சு குழாயை விடாமல் பிடிப்பது, தொடங்குவதற்கு 20 நிமிடங்களுக்கு முன் சல்புட்டமால் இன்ஹேலரை எடுத்துக்கொள்வது, அதே இன்ஹேலரை நோயாளியின் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது ஆகிய எளிய ஏற்பாடுகள் இந்த வழியின் பாதுகாப்பைப் பெருமளவு உயர்த்துகின்றன. ஆக்சிஜன் சிலிண்டரும் நெபுலைசரும் வேலை செய்யும் நிலையில் கிளினிக்கில் இருக்கின்றனவா என்று கேட்பதில் தவறே இல்லை.

ஒரு பல்லை எளிதாக எடுப்பதற்கு வழக்கமான காலை ஸ்டீராய்டு மாத்திரையே பெரும்பாலும் போதும். எலும்பை வெட்டி எடுக்க வேண்டியிருந்தாலோ சீழ், காய்ச்சல் இருந்தாலோ அன்றைய அளவைக் கூட்ட வேண்டுமா என்பதை, இந்த நோய்க்குச் சிகிச்சை தரும் வாதநோய் மருத்துவரிடம் (ருமட்டாலஜிஸ்ட்) முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

## இரண்டாம் வழி: ஊசியுடன் அரைத்தூக்கம்

மகளின் மனம் இந்த வழியில்தான் சாய்ந்திருந்தது; காரணம் புரிகிறது. அம்மாவுக்குப் பயம் அதிகம், மூன்று பற்கள், ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் இதை இரண்டு தனித்தனி முறைகளாகப் பார்க்க வேண்டும்.

ஒன்று, மூக்கில் பொருத்தும் சிறு முகமூடி வழியாக நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் கலந்து சுவாசிப்பது. 1844இல் ஹோரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் தன் பல்லையே பிடுங்கவைத்துச் சோதித்துப் பார்த்த வாயு இது. மூச்சுக்குழாயை எரிச்சலூட்டாது, நிறுத்தியவுடன் சில நிமிடங்களில் தெளிந்துவிடும், பயத்தை நன்றாகத் தணிக்கும். ஆனால் மூக்கால் மூச்சுவிட முடிந்தவருக்குத்தான் இது பயன்படும். மூக்கில் சதை வளர்ந்து வாயால் மூச்சுவிடும் இஜிபிஏ நோயாளிக்கு முகமூடி வெறும் அலங்காரமாகிவிடும். மேலும் நைட்ரஸ் ஆக்சைடு, வைட்டமின் பி12 சார்ந்து இயங்கும் ஒரு நொதியை முடக்குகிறது. அந்த நொதி, உடல் ஃபோலேட் என்ற வைட்டமினைப் பயன்படுத்தும் பாதையில் இருக்கிறது; மெதோட்ரெக்சேட்டும் அதே பாதையில் குறுக்கிடுவதால், இரண்டும் சேர்ந்தால் பக்கவிளைவு கூடலாம். மூக்கடைப்பும் இருந்து மெதோட்ரெக்சேட்டும் எடுக்கும் அல்சூர் அம்மாவுக்கு இந்த இரண்டு தடைகளுமே பொருந்துகின்றன.

மற்றொன்று, கையில் ஊசி வழியே கொடுக்கும் மருந்துகள். மிடசோலம் கவலையை நன்றாகக் குறைக்கும், நடந்தது நினைவிலும் நிற்காது. ஆனால் மூச்சின் வேகத்தையும் ஆழத்தையும் குறைக்கும். ஃபெண்டனில் போன்ற வலிமருந்தோடு சேர்ந்தால் இன்னும் குறைக்கும். டெக்ஸ்மெடடோமிடின் மூச்சை அவ்வளவாக ஒடுக்குவதில்லை, கூப்பிட்டால் கண்திறக்கும் தூக்கத்தைத் தரும். அதனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நான் அதை விரும்புகிறேன். ஆனால் அது இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் இறக்கும். இதயத் தசையோ மின்னோட்டப் பாதையோ பாதிக்கப்பட்டவருக்கு அதுவே பெரிய பிரச்சினையாகும். கெட்டமின் மூச்சுக்குழாயை விரிக்கும், ஆனால் எச்சில் சுரப்பைக் கூட்டும். வாய்க்குள் வேலை நடக்கும்போது அது தொல்லை.

மருந்துகளின் குறைகளையெல்லாம் விடப் பெரிய கவலை இந்த வழியின் அமைப்பிலேயே இருக்கிறது. விழித்திருப்பவருக்கு இருமல் அனிச்சை முழுமையாக இருக்கிறது. முழு மயக்கத்தில் இருப்பவருக்கு அந்த அனிச்சை இல்லை, ஆனால் மூச்சுக்குழாயில் ஒரு குழாய் இருந்து காக்கிறது. அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு அனிச்சை பாதி, பாதுகாப்புக் குழாய் இல்லை. இரத்தமும் தண்ணீரும் அதே தொண்டையில்தான் இறங்குகின்றன. எரிச்சலுற்ற மூச்சுக்குழாய் உள்ளவருக்கு ஒரு துளி இரத்தம் குரல்வளையைத் தொட்டால் இறுக்கம் ஏற்படலாம். அதோடு, அரைத்தூக்கம் என்பது ஓர் இடத்தில் நிற்கும் நிலை அல்ல. பல் வராமல் நேரம் நீண்டு, நோயாளி முனகி, இன்னும் கொஞ்சம் மருந்து கொடுக்கும்போது அது தெரியாமலேயே ஆழ்ந்த மயக்கமாக நழுவுகிறது. ஆபத்துக் குறைவு என்று நினைத்துத் தேர்ந்தெடுத்த நடுப்படி, காப்புக் குழாயில்லாத முழு மயக்கமாக மாறிவிடுகிறது.

இதே அரைத்தூக்கம் எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்து இதன் தகுதி தலைகீழாகும். மருத்துவமனையின் அறுவை அரங்கில், தனியாக ஒரு மயக்க மருத்துவர் அருகிலேயே நின்று, மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவைக் கருவியில் பார்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் உடனே குழாய் போடத் தயாராக இருந்தால் இது நல்ல வழி. இந்திராநகரிலோ மாரத்தஹள்ளியிலோ இரண்டாவது மாடியில் உள்ள ஒரு பல் கிளினிக்கில், பையோடு வந்து போகும் மயக்க மருத்துவரை நம்பி இதைச் செய்வதை இந்த நோயாளிக்கு நான் ஏற்கமாட்டேன். மூச்சுக்குழாய் இறுகிவிட்டால் மாடியிலிருந்து ஸ்ட்ரெச்சரை இறக்கி, மாலை ஆறு மணி நெரிசலில் ஆம்புலன்ஸ் நகரும் நேரத்தை யாராலும் திரும்பப் பெற முடியாது.

## மூன்றாம் வழி: முழு மயக்கம்

முழு மயக்கத்தின் பலம், எல்லாம் மருத்துவரின் கட்டுப்பாட்டில் இருப்பது. நோயாளி அசைவதில்லை, பயப்படுவதில்லை, எத்தனை பற்கள் என்றாலும் ஒரே முறையில் முடியும். மூச்சுக்குழாயை விரிக்கும் செவோஃப்ளுரேன் என்ற மயக்க வாயு ஆஸ்துமாவுக்குத் துணையாகவே இருக்கிறது. டெஸ்ஃப்ளுரேன் எரிச்சலூட்டுவதால் அதைத் தவிர்ப்போம்.

இதன் விலை, சுவாசப் பாதையைத் தொட வேண்டியிருப்பது. குழாயை உள்ளே போடும் நொடியிலும் வெளியே எடுக்கும் நொடியிலும்தான் மூச்சுக்குழாய் இறுகும் ஆபத்து உச்சத்தில் இருக்கும். வாயில் இடம் தேவைப்படுவதால் பல் அறுவையில் வழக்கமாக மூக்கு வழியே குழாய் செலுத்துவோம். இஜிபிஏ நோயாளியின் மூக்கில் சதை வளர்ச்சியும் புண்பட்ட சவ்வும் இருந்தால் அது இரத்தப்போக்கில் முடியலாம். எனவே வாய் வழியாக, ஓரமாக வளைந்த குழாய் போட்டு, அறுவை மருத்துவரோடு இடத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

குழாயை எடுப்பதில் உள்ள முரண் இன்னும் நுட்பமானது. ஆஸ்துமா உள்ளவருக்கு, இருமல் வராதபடி ஆழ்ந்த மயக்கத்திலேயே குழாயை எடுப்பது நல்லது. வாயில் இரத்தம் உள்ளவருக்கு, அது நுரையீரலுக்குள் போகாதபடி முழுக்க விழித்தபின் எடுப்பது நல்லது. இரண்டும் ஒரே நோயாளியில் சேரும்போது, தொண்டையில் வைத்த துணியை எண்ணி எடுத்து, நன்றாக உறிஞ்சி, சல்புட்டமால் கொடுத்து, தேவையானால் லிக்னோகெயினை இரத்தநாளம் வழியே செலுத்தி இருமலைத் தணித்து, விழித்த பிறகே எடுப்பதுதான் என் தேர்வு. வேறு மயக்க மருத்துவர்கள் வேறு விதமாக முடிவெடுக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியை அறுவைக்கு முன்பே யோசித்தவரா என்பது முக்கியம்.

மருந்துத் தேர்விலும் இந்த நோய் தடம் பதிக்கிறது. பாதம் தொங்கிய நோயாளியின் தசைகளில் நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால், குழாய் போடுவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் சக்ஸினைல்கோலின் கொடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். இந்த நோய் கடுமையாகும்போது தரப்படும் சைக்ளோஃபாஸ்ஃபமைடை அண்மையில் பெற்றவர்களில், சக்ஸினைல்கோலினைச் சிதைக்கும் நொதியும் குறைந்திருக்கும். மூச்சுக்குழாயை இறுக்கும் ஹிஸ்டமினை உடலில் வெளியேற்றும் அட்ராகூரியம் என்ற தசைத் தளர்ப்பி, மார்ஃபின் என்ற வலிமருந்து ஆகியவற்றுக்குப் பதிலாக முறையே ரோகுரோனியம் அல்லது வெகுரோனியமும், ஃபெண்டனிலும் பொருத்தம். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து அட்ரீனல் சுரப்பியை மேலும் ஒடுக்குவதால், ஸ்டீராய்டு சார்ந்த நோயாளிக்கு அது வேண்டாம். மயக்கம் தொடங்கும்போதே 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை இரத்தநாளம் வழியே கொடுத்துவிடுகிறோம். பிறகு எவ்வளவு, எத்தனை நாள் என்பது அறுவையின் அளவையும் நோயாளி சாப்பிடத் தொடங்கும் நேரத்தையும் பொறுத்தது.

பணமும் நேரமும் இங்கேதான் அதிகம் செலவாகும். எக்கோ, ஈசிஜி, இரத்தப் பரிசோதனைகள், நுரையீரல் மருத்துவர் கடிதம், ஒரு நாளோ இரண்டு நாளோ அறை, தீவிர சிகிச்சைப் படுக்கை காலியாக இருக்கும் மருத்துவமனை என்று பட்டியல் நீளும். பல மருத்துவக் காப்பீடுகள், விபத்தால் அல்லாத பல் சிகிச்சையை விலக்கிவைத்திருக்கின்றன. ஆகவே சேர்வதற்கு முன் பாலிசியில் அந்தப் பிரிவைப் படித்துவிட்டு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | ஊசி மட்டும் | ஊசியும் அரைத்தூக்கமும் | முழு மயக்கம் |
|---|---|---|---|
| சுவாசப் பாதையைத் தொடுதல் | இல்லை | இல்லை, ஆனால் காப்பும் பாதி | உண்டு. உள்ளே, வெளியே இரு நொடிகள் ஆபத்து |
| பயம் | தீராது. பேசித் தணிக்க வேண்டும் | நன்றாகத் தணியும் | பொருட்டில்லை |
| மூக்கடைப்பு | தடையில்லை | நைட்ரஸ் ஆக்சைடு பயனற்றது | மூக்குவழிக் குழாய் கூடாது |
| இதயப் பாதிப்பு | அட்ரினலின் அளவு குறைய வேண்டும் | மருந்துத் தேர்வு குறுகும் | முழு இதயப் பரிசோதனை கட்டாயம் |
| நரம்புப் பாதிப்பு | முன்பே பதிவு செய்ய வேண்டும் | அதுவே | சக்ஸினைல்கோலின் தவிர்க்க வேண்டும் |
| ஸ்டீராய்டு | பெரும்பாலும் வழக்கமான அளவு | மருத்துவர் முடிவு | ஹைட்ரோகார்ட்டிசோன் தேவை |
| அமர்வுகள் | இரண்டு, மூன்று | ஒன்று | ஒன்று |
| இடம் | தயாராக உள்ள கிளினிக் போதும் | அறுவை அரங்கு மட்டும் | மருத்துவமனை, தீவிர சிகிச்சை வசதியுடன் |

## தள்ளிப்போடுவதும் ஒரு தேர்வு

சளி காய்ச்சலோ ஆஸ்துமா தாக்குதலோ வந்து நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகவில்லையென்றால், அவசரமில்லாத பல் அறுவையைத் தள்ளிப்போடுவதே நல்லது. முழு மயக்கமாக இருந்தால் இது இன்னும் கண்டிப்பானது. ஆனால் சீழ் கட்டியவருக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் எடுப்பவரின் தாடையில் சீழை விட்டுவைத்தால் அது கழுத்துக்குள் பரவக்கூடும். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைப்பதால் வெளியே எதுவும் தெரியாமலும் இருக்கும். அப்போது சீழை வடித்து, ஆன்டிபயாடிக் தொடங்கி, மூச்சைச் சீராக்கி, பிடுங்குவதை மட்டும் ஒத்திவைப்பது நடைமுறைக்கு உகந்தது. தியோஃபிலின் வகை மாத்திரை எடுப்பவருக்கு எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகியவை இரத்தத்தில் அந்த மாத்திரையின் அளவை ஏற்றிவிடும் என்பதால், ஆன்டிபயாடிக்கைத் தேர்ந்தெடுப்பவருக்கும் மருந்துச் சீட்டு தெரிந்திருக்க வேண்டும்.

## யாருக்கு எது

ஆஸ்துமா கட்டுக்குள் இருந்து, வாய் நன்றாகத் திறந்து, ஒத்துழைக்கக்கூடியவராக இருந்தால், ஊசி மட்டும் போட்டு, பக்கவாரியாகப் பிரித்து, காலை நேரத்தில் செய்வதே என் முதல் தேர்வு. மூன்று முறை போகவேண்டியிருப்பது உண்மையிலேயே சிரமம்தான். மகள் மூன்று நாள் விடுப்பு எடுக்க வேண்டும், அம்மா மூன்று முறை பயப்பட வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு அமர்விலும் அவர் மூச்சு அவர் கையிலேயே இருக்கிறது.

ஊசியைப் பார்த்தாலே மூச்சுத்திணறும் அளவுக்குப் பயம் உள்ளவர், இதயம் நன்றாக இருப்பவர், இவர்களுக்கு மருத்துவமனை அறுவை அரங்கில் மிக லேசான தூக்கம் பொருந்தும். கிளினிக்கில் அது கிடைக்கிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எலும்பில் புதைந்த ஞானப்பற்கள் பல, வாய் திறக்க முடியாத வீக்கம், மருந்துகளை நிதானமாகச் சீர்செய்த பின்னும் ஒத்துழைக்க முடியாத நோயாளி என்றால் முழு மயக்கம்தான் நேர்மையான வழி. அதைப் பயந்து தவிர்த்து அரைத்தூக்கத்தில் முயல்வது கெடுதலில் முடியும். சென்ட் ஜான்ஸ் போன்ற, பல் அறுவைப் பிரிவும் நுரையீரல் பிரிவும் ஒரே வளாகத்தில் இயங்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இத்தகையவர்களுக்கு ஏற்றவை. கோட்டைப் பகுதியில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி விக்டோரியா மருத்துவமனையை அடுத்தே இருப்பதும், செலவைக் கருதும் குடும்பங்களுக்கு ஒரு வசதி.

அல்சூர் அம்மாவுக்கு என் பரிந்துரை இதுதான்: முதலில் எக்கோ, எலும்பு மருந்து ஏதும் எடுத்தாரா என்று பார்ப்பது, சீழுக்கு மருந்து, மூச்சு சீரான பின் ஊசியில் ஒவ்வொரு பல்லாக, மூன்று காலைகளில்.

## அன்றிரவு மாத்திரை

மூன்று வழிகளுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று, அறுவை முடிந்து வீடு திரும்பிய பிறகு காத்திருக்கிறது. பல் வலிக்கு நம் ஊரில் வழக்கமாக எழுதித் தருவது கெட்டோரோலாக், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் ஆகியவைதான். மருந்துக் கடையில் சீட்டில்லாமலும் கேட்டால் தருகிறார்கள். ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ 7 சதவீதம் பேருக்கு ஆஸ்பிரினும் இந்த வகை மருந்துகளும் மூச்சுத்திணறலைத் தூண்டும். மூக்கில் சதை வளர்ச்சி உள்ளவர்களிடம் அந்த விகிதம் இன்னும் அதிகம். பாராசிட்டமாலோடு சேர்ந்து ஒரே மாத்திரையாக வருவனவற்றில் இவை மறைந்திருப்பதால், "பாராசிட்டமால்தானே" என்று கொடுத்துவிடுகிறார்கள். கலப்பில்லாத பாராசிட்டமால் 500 முதல் 650 மி.கி. வரை இவர்களில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். அது போதாவிட்டால் டிராமடோல் போன்ற மாற்றை மருத்துவர் எழுதித் தருவார்.

எனவே அறுவைக்கு முந்தைய நாளே பல் மருத்துவரிடம் வலி மாத்திரைச் சீட்டை வாங்கி, நான்கு விலக்கு மருந்துகளின் பெயரையும் மருத்துவக் கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதி ஒட்டிவிடுங்கள். இரவு பத்து மணிக்கு வலி தாங்காமல் அம்மா முனகும்போது மருந்துக் கடைக்கு ஓடுபவர் வீட்டில் யாராக இருந்தாலும், அந்த அட்டையை எடுத்துக்கொண்டே ஓடட்டும்.